‘புடிச்சேன்’ என்று நீ சொன்ன சொல்

பாலு,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் உறை ஒட்டியபடியே இருக்கிறதா என்று முதலில் பார். உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பசை தடவி ஒட்டி, அதற்கு மேல் டேப்பும் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உன் அம்மா, “எந்தம்பிய கூட நம்ப மாட்டீங்களா?” என்று கேட்டாள். நம்புகிறேன். ஆனால் கடலூரிலிருந்து நீ இருக்கும் ஊருக்கு நெடுந்தூரப் பயணம், அவனுக்குப் பஸ்ஸில் தூக்கம் வராது, கையில் படிக்க வேறு ஒன்றும் இருக்காது. ஒருவேளை பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால், மச்சான், கோபம் இல்லை, படித்து முடித்துவிட்டு மறுபடி ஒட்டி அவனிடம் கொடுத்துவிடு. போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போன தடவை நாம் பேசியபோது உனக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். “யார்ரா கூட?” என்றேன். “யாரும் இல்லப்பா” என்றாய். செருமியது உன் தொண்டை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் புத்தி இப்படித்தான் என்று உனக்குத் தெரியாதது இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற பஸ்களில் டிக்கெட் பரிசோதகனாக வேலை பார்த்தே ஆயுளைக் கழித்தவன் நான். ஆலப்பாக்கத்தில் ஏறி, புதுச்சத்திரத்தில் இறங்கி, பு.முட்லூரில் வேறு பஸ்ஸில் ஏறி, தூங்குகிறவர் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டவன். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பந்தியில் யார் இரண்டாம் தடவை உட்காருகிறார்கள் என்று என் கண் தன்பாட்டுக்குப் பார்க்கும். ரிட்டையர் ஆன பிறகு இந்தப் பார்வை போய்விடும் என்று உன் அம்மா எதிர்பார்த்தாள், போகவில்லை. உன் வழக்கு வந்ததும் அது கூடத்தான் செய்திருக்கிறது.

உன் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமா லாயத்தில் ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான், உனக்கு உடம்பு சின்னது, பயம் கிடையாது, அதனால் உன்னைக் கூட்டிக்கொண்டு போனான், நீ ஜாக்கி ஆனாய். நம் தெருவில் அந்த வேலையை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். “ரேஸ்ல சூதாடுறானா?” என்று கேட்பார்கள். சூதாடுவது வேறு ஆள், இவன் குதிரை ஓட்டுகிறவன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது அந்த விளக்கமும் செல்லாமல் போய்விட்டது. எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்பிய, நீ ஓட்டிய அந்தச் செந்நிறக் குதிரை மூன்றாவதாக வந்தது. பந்தயத்தை மேற்பார்வை பார்க்கிறவர்கள், நீங்கள் ஸ்டூவர்டுகள் என்கிறீர்களே அவர்கள், அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஓட விடாமல் குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தாய் என்று முடிவு செய்து உன் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட்டார்கள். ஜாக்கிக்கு ஒரு வருஷம் என்பது என்ன என்று உன் மாமா சொன்னான். உடம்பு எடை போடும், குதிரை கொடுக்கிறவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள், பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிடும். இழுத்துப் பிடிக்கிறவன் என்ற சொல்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீ அப்பீல் போயிருக்கிறாய். அடுத்த வாரம் விசாரணை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்பீல் என்றதுமே எனக்கு வந்த முதல் சந்தேகம், இவ்வளவு அவசரமாக இதை யார் தூண்டுகிறார்கள் என்பது. அந்தக் குதிரையைப் பழக்கும் ட்ரெய்னர் ஒருநாள் எனக்கே போன் செய்தார். “அய்யா, பையன் தங்கம்ங்க, நாங்க விட்டுட மாட்டோம், பெரிய வக்கீலா பாத்து வெச்சிருக்கோம்” என்றார். என்னை முன்பின் பார்க்காத மனுஷன் இத்தனை இனிப்பாகப் பேசினால் எனக்கு நாக்கில் கசக்கும். உனக்காக அப்பீலா, தனக்காக அப்பீலா? நீ குதிரையைப் பிடித்தது உண்மையானால் யார் சொல்லிப் பிடித்தாய் என்ற கேள்வி அடுத்ததாக வருமல்லவா? நீ குற்றமற்றவன் என்றால் அந்தக் கேள்வி யாரிடமும் போகாது. இப்படி யோசித்தேன். பிறகு, ஸ்டூவர்டுகள் விசாரித்தபோது உன் பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆளைச் சந்தேகப்பட்டேன். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஆபீஸ் ஊழியராம். அரைகுறையா, அல்லது தேவைக்கேற்ற அளவு அரைகுறையா என்று எனக்குக் கேள்வி. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் உன் அம்மா, “மிச்சம் அந்தக் குதிரைதான் இருக்குது, அதையும் சந்தேகப்பட்டுடுங்க” என்றாள். அவளிடம் சொல்லவில்லை, அதையும் சந்தேகப்பட்டிருந்தேன். அன்றைக்கு அதற்கு உடம்பு சரியாக இருந்ததா என்று உன் மாமாவிடம் ரகசியமாக விசாரித்தேன். நன்றாகக் கொள்ளு தின்றதாம்.

வக்கீல் என்றதும் கோட்டும் மோதிரமுமாக ஒரு பெரிய மனுஷரை எதிர்பார்த்தேன். வந்தது சிதம்பரத்துப் பெண். பிறந்த வீடு கீழவீதிப் பக்கமாம், வேலைக்காக நீ இருக்கும் ஊரில் இருக்கிறாராம், அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் என்னையும் வரச் சொன்னார். போனேன். பஸ்ஸில் போகும்போதே, இவர் ட்ரெய்னரின் ஆள், கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். காபிக் கடையில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, காதில் மாட்டிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தார். உன் விசாரணையின் பதிவு. ஸ்டூவர்ட் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கிறார், அந்த ஊழியர் தமிழில் கேட்கிறார், அதற்கு நீ சொல்கிறாய்: “குதிரைய உள்ள புடிச்சேன் சார். புடிச்சி வந்ததாலதான் வழி கெடைக்கல.” உடனே அந்த ஊழியர் ஆங்கிலத்தில் என்னவோ சொல்கிறார், எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.

“இதுக்கு அந்த ஊழியர் இங்கிலீஷ்ல என்னா சொல்லியிருக்கார் தெரியுமாங்க?” என்றார் வக்கீலம்மா. “குதிரைய இழுத்துப் புடிச்சேன், இழுத்துப் புடிச்சதாலதான் ஜெயிக்கலன்னு. பையன் குத்தத்த ஒத்துக்கிட்டாருன்னு தீர்ப்புலயே எழுதிட்டாங்க. ஆனா நம்ம பக்கம் அதுக்கு வேற அர்த்தம் இருக்குதே. ஓரம் புடிச்சி போ, பண்ருட்டி ரோட்ட புடிச்சி வான்னு சொல்றோம் இல்ல? உங்க பையன் மைதானத்து உள்பக்க வேலிய ஒட்டி வந்தேன்னு சொல்லியிருக்கார். முன்னாடி ரெண்டு குதிர அடைச்சிக்கிச்சு, வழி கெடைக்கல.”

நான் காதிலிருந்து அதைக் கழற்றவே இல்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். நம் டிரைவர்கள் அத்தனை பேரும் பேசுகிற சொல். ‘லெஃப்ட் புடிச்சி நிறுத்துப்பா’ என்று நானே எத்தனையோ முறை சொல்லி இறங்கியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லில் உன் பிழைப்பு போயிருக்கிறது. அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், ஆனால் பக்கத்து மேஜையில் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. “நீங்களே செதம்பரத்து ஆளு. நீங்களே சொல்லிடலாமே, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றேன். வக்கீல் தன் கட்சிக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்றார். ஊர்க்காரர், விசாரணைகளில் வாக்குமூலம் எழுதிப் பழகியவர், அரசாங்க வேலை பார்த்தவர், அப்படி ஒருவர் இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம். “பெத்த அப்பன் சொன்னா எவன் நம்புவான்? இந்த ஜில்லாவுல வேற ஆளே கெடைக்கலியா?” என்றேன். அவர் சிரித்தார். “நானும் அதத்தாங்க சொன்னேன். ரெண்டு மூணு பேரு வேற தராங்க. ஆனா உங்க பையன்தான், எங்கப்பாகிட்டயும் வாங்குங்க, அவரு எம்மேலயே சந்தேகப்படுற ஆளு, அவரு சொன்னா யாரும் நம்பாம இருக்க முடியாதுன்னாரு” என்றார்.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அவரிடம் ஒன்று கேட்டேன். “எல்லாம் சரி. அவன் குதிரைய இழுத்துப் புடிச்சானா இல்லியா? அத யாரு முடிவு பண்ணுவாங்க?” அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “அப்பீல்ல அது வராதுங்க. கீழ நடந்த விசாரண சரியா நடந்துதா, அதான் வரும்” என்றார். காபிக்கு அவரே கொடுத்துவிட்டார், என்னைக் கொடுக்க விடவில்லை. அதையும்கூட ஏன் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கும். சுற்றி வளைக்காமல், “டேய், புடிச்சியாடா?” என்று கேட்டேன். நீ “எத கேக்கிறப்பா? உள்ள புடிச்சதையா, குதிரைய புடிச்சதையா?” என்று திருப்பிக் கேட்டாய். அதற்கப்புறம்தான் அந்தச் செருமல். நான் போனை வைத்துவிட்டேன். தப்பு செய்யாதவன் எதைக் கேட்கிறாய் என்று கேட்பானா? இல்லை இல்லை, ஒரு சொல்லால் இத்தனை அடிபட்டவன் இனி எந்தச் சொல்லையும் நிறுத்தித் தெரிந்துகொண்டுதானே பதில் சொல்வான்? இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. அந்தப் பந்தயத்தின் வீடியோவையும் பார்த்துவிட்டேன். கடைசித் திருப்பத்தில் உன் மணிக்கட்டு வளைந்திருக்கிறது என்பது என் கட்சி. உன் அம்மா போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “எங்க வளைஞ்சிருக்குது? சோறு பெசையிறப்ப எப்டி தளர்வா வெச்சிருப்பானோ அப்டிதான் இருக்குது. பெத்தவளுக்குத் தெரியாதா அவன் கை?” என்கிறாள். அவள் மாதிரி ஒரு பார்வை எனக்கும் வாய்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுந்தரமூர்த்தி என்று ஒரு கண்டக்டர், சேத்தியாத்தோப்பு வண்டியில் இருந்தான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி நான் அந்த வண்டியில் ஏறியபோது ஒரு அம்மாளிடம் டிக்கெட் இல்லை, காசு கொடுத்துவிட்டேன் என்றார். சுந்தரமூர்த்தியைக் கேட்டேன். “வாங்கிட்டேன் சார், டிக்கெட் குடுக்கல” என்றான். அப்படியே எழுதினேன், கையெழுத்தும் போட்டான். மெமோ போயிற்று, விசாரணை நடந்தது, தண்டனை கொடுத்தார்கள். அவன் அப்பீல் போனான். ‘குடுக்கல’ என்று அவன் சொன்னதற்கு ‘இன்னும் குடுக்கல, கூட்டம் இறங்கினதும் குடுப்பேன்’ என்றுதான் அர்த்தம், பரிசோதகர் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை என்று அவன் தரப்பில் வாதம். ஜெயித்துவிட்டான். தண்டனை ரத்து, வேலைக்குத் திரும்பினான். அதற்கு அப்புறம் என்னைப் பார்த்தால் முகம் சுளிக்க மாட்டான், டீ வாங்கித் தருவான், அது ஒன்றுதான் எனக்குப் பொறுக்காது.

பல வருஷம் கழித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தோம். நான் ரிட்டையர் ஆகப்போகிற சமயம். “சுந்தரமூர்த்தி, இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு மட்டும் சொல்லு. அன்னிக்கு இன்னும் குடுக்கலியா, குடுக்கறதாவே இல்லியா?” என்று கேட்டேன். அவன் மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவன் சொன்னான்: “சார், சத்தியமா சொல்றேன், எனக்கே தெரியல. வக்கீலுகிட்ட சொன்னேன், யூனியன்ல சொன்னேன், பொண்டாட்டிகிட்ட சொன்னேன், அவுங்க ஒவ்வொருத்தரும் கேக்க கேக்க சொல்லி சொல்லி அதுவே நெசமா ஆயிடுச்சு. அன்னிக்கு உண்மையில என்னா நெனச்சேன்னு தேடி பாத்தா ஒண்ணுமே ஆப்புடல சார்.” அவன் கண்ணில் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவனைப் பிடிக்க முடியாமல் போன கோபம் எனக்கு அன்றோடு போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒரு பயம் வந்தது. அந்தப் பயம்தான் இப்போது உன்மேல் திரும்பியிருக்கிறது. நீ தோற்பாய் என்பதைவிட, இந்தச் சொல்லை வைத்து ஜெயித்து, ஜெயித்ததையே நம்பி, அந்தக் கடைசித் திருப்பத்தில் உன் கை என்ன செய்தது என்பது உனக்கே தெரியாமல் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது பாலு.

உன்னை எனக்குப் பிடிக்கும். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். முதல் தடவை நீ ஜெயித்த பந்தயத்தின் வீடியோவை நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு நின்ற டிராக்டர்காரரிடம் வலியப் போய்க் காட்டியவன் நான். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷம் ஒன்றில்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதனால்தான் இதில் இத்தனை வலிக்கிறது.

நேற்று மஞ்சக்குப்பத்தில் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீலம்மா ஒரு வாசகம் அனுப்பியிருந்தார். எங்கள் பகுதியில் ‘உள்ளே புடிச்சேன்’ என்றால் உள்பக்கமாக ஒட்டி வந்தேன் என்று பொருள், அவ்வளவுதான். நான் அதை அப்படியே தரவில்லை. நானே மாற்றி எழுதினேன். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்கு ஒட்டி வந்தேன் என்றும் பொருள் உண்டு, இழுத்து நிறுத்தினேன் என்றும் பொருள் உண்டு, இரண்டும் அன்றாடம் வழங்குபவை, இதில் எந்தப் பொருளில் சொன்னான் என்பதைச் சொன்னவனிடம் மறுபடி கேட்காமல் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது என்று எழுதினேன். பெற்ற அப்பன் என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

படித்ததும் வக்கீலம்மா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். போனில் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “சார், இது நான் கேட்டதவிட பலமா இருக்குது” என்றார். எனக்குப் புரியவில்லை, அந்தப் புகழ்ச்சியையும் சந்தேகப்பட்டேன். அவர் விளக்கினார். ஒரே பொருள்தான் என்று நாம் சொன்னால் அவர்கள் மறுத்து வாதாடலாம். இரண்டு பொருள் என்று ஆகிவிட்டால், மறுபடி கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டது விசாரணையின் குறை. அந்தத் தீர்ப்பு நிற்பது கஷ்டம். “ஆனா ஒண்ணு சார். அப்ப அவுங்க கேஸ திருப்பி அனுப்பிடுவாங்க. புது விசாரண முதல்லேருந்து நடக்கும். பாலுவ திரும்பவும் உக்கார வெச்சி கேப்பாங்க. அதுக்கு நீங்க தயாரா?” என்று கேட்டார். நான் தயார் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

ஆகவே இதுதான் நான் உனக்குச் செய்திருக்கிற காரியம். உன் தண்டனையை உடைக்கவும் உதவியிருக்கிறேன், நீ ஒளிந்துகொள்ள இருந்த சொல்லையும் பிடுங்கிவிட்டேன். இந்தத் தடவை நல்ல தமிழ் தெரிந்த ஆளை வைத்துக் கேட்பார்கள். வேலியை ஒட்டி வந்தாயா என்று தனியாகக் கேட்பார்கள், கடிவாளத்தை இழுத்தாயா என்று தனியாகக் கேட்பார்கள், இழுத்தாய் என்றால் யார் சொல்லி என்றும் கேட்பார்கள். ட்ரெய்னர் என்ன சொல்லச் சொன்னாலும் கேட்டுக்கொள், ஆனால் பதில் உன்னுடையதாக இருக்கட்டும். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதே. வக்கீலிடம் ஒரு தடவை சொல், போதும். சொல்லிச் சொல்லித் தேய்த்துவிடாதே. எனக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் என்னைத் தனியாக உட்கார வைத்து நீ இழுக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் நான் உன் கண்ணையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பேன், இழுத்தேன் என்றாலும் யாரையோ காப்பாற்றச் சொல்கிறாயோ என்று யோசிப்பேன். எனக்கு வாய்த்த புத்தி அது, இனிமேல் மாறாது.

அந்தப் புது விசாரணை அன்றைக்கு நான் வருவேன். உள்ளே விட மாட்டார்கள் என்று வக்கீலம்மா சொல்கிறார், வாசலில் நிற்கிறேன். நீ வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன். நீ சொல்லியிருப்பது எதுவாக இருந்தாலும், அந்த வாசலிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் நான் வருகிறேன். அதில் மட்டும் நீ என்னைச் சந்தேகப்படாதே.

உன் அப்பா